ஆறாம் மூக்கில் விழுந்த நீர்

1

தாகத்திலிருந்துதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. என் தாகம் அல்ல, ஸக்கியாவின் தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, உதடு தோல் உரிந்து கிடக்க, ஒரு முழு நோன்பு நாளை அவள் ஓர் ஆய்வுகூடத்தில் தண்ணீரைத் தராசில் நிறுத்துக் கழித்திருக்கிறாள்.

"நாள் முழுக்க தண்ணி நிறுத்துட்டு ஈந்த. ஒரு சொட்டு தொண்டைல எறங்கல்ல" என்றாள். கலகெதர பஸ்ஸில், பக்கத்து ஆசனத்தில் இருந்துகொண்டு சொன்னாள். ‘ஈந்த’ என்பது அவள் வாயில் ‘இருந்தேன்’. பகிடியாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு, அது எந்த ஆய்வுகூடம், எந்த வருடம் என்று கேட்டேன். கண்டியில் பேராதனை வீதியில் இருக்கும் ஒரு தனியார் லெப். தலதா மாளிகையடியில் குண்டு வெடித்ததற்கு அடுத்து வந்த நோன்பு. எங்கள் மஹய்யாவ லைன் வீடுகளில் இருக்கும் பேச்சியம்மா சோதனைக்கு இரத்தம் கொடுத்ததும் அதே லெப்பில், அதே நோன்பில்.

அந்த இடத்தில் சிரிப்பு நின்றது. எழுத்து தொடங்கியது. இதற்கு மேல் பெரிய தோற்றக் கதை ஒன்றுமில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

‘கண்டி நகரை வெண்பனி போர்த்தியிருந்த அந்தக் காலையில், ஸக்கியா ஜன்னலருகே...’

வெட்டிவிட்டேன். அந்த அறையின் ஜன்னல் பூட்டியிருந்தது. பூட்டியிருந்ததுதான் கதையே. பனியை யார் பார்த்தது?

இரண்டாவது:

‘நீர் என்பது உயிர். அந்த உயிரை எடைபோடும் ஒரு பெண்ணின்...’

இதை எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நீர் என்பது மஹய்யாவவில் ஒரு குழாய், ஒரு வரிசை, ஒரு சண்டை. உயிர் கியிர் என்று அங்கே எவரும் பேசுவதில்லை.

மூன்றாவது தொடக்கம்தான் மேலே நீங்கள் வாசித்தது. அதிலும் ‘தோல் உரிந்து கிடக்க’ என்பது என் சேர்ப்பு. ஸக்கியா உதட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

3

இனி மெஷினைச் சொல்லவேண்டும். சொல்லாமல் தாண்டிப் போனால் பிறகு ஒன்றும் விளங்காது.

இரத்தச் சோதனையில் கண்ணால் அளக்க முடியாத சிறு துளிகளைக் கிண்ணம் கிண்ணமாக விடவேண்டும். முன்பு கையால் விட்டார்கள். இந்த லெப்பில் அதற்கு ஒரு மெஷின் இருந்தது. வெளிநாட்டில் ஓடிக் களைத்து, இரண்டாம் கையாகக் கண்டிக்கு வந்தது. வரிசையாக எட்டு மூக்கு. ஒரே நேரத்தில் எட்டும் ஒரே அளவு திரவத்தை விடவேண்டும். லெப்பில் அதற்குப் பெயர் ‘எட்டு மூக்கு’.

எட்டும் சரியாக விடுகின்றனவா என்று இடைக்கிடை பார்க்கவேண்டும். பார்க்கும் முறை எளியது. காய்ச்சி வடித்த தண்ணீரை ஒவ்வொரு மூக்காக ஒரு சின்னக் குப்பிக்குள் விடவைப்பது. குப்பியைத் தராசில் நிறுப்பது. தண்ணீரின் எடை தெரிந்தால் அளவு தெரியும்.

எளியதுதான், ஆனால் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் காற்றில் போய்க்கொண்டிருக்கும். துளி அவ்வளவு சிறியது. அதனால் ஃபேனை நிறுத்தவேண்டும், ஜன்னலைப் பூட்டவேண்டும். தராசின் கண்ணாடிக் கூட்டுக்குள் நனைந்த பஞ்சு வைத்து உள்காற்றை ஈரமாக வைத்திருக்கவேண்டும். அப்படியும் கொஞ்சம் போகும். எவ்வளவு போகிறது என்று காலையில் ஒருமுறை பார்த்துவைத்து, அதைப் பிறகு ஒவ்வொரு எடையிலும் கூட்டிக்கொள்வார்கள்.*

ஆக, நோன்பு பிடித்த ஒருத்தி, காற்றில்லாத அறையில், தண்ணீர் காய்ந்துவிடக் கூடாதென்று காவல் இருந்தாள்.

[இந்த வரியை எடுத்துவிடலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். கொஞ்சம் அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதை நான் நம்புவதில்லை.]

* இதை எனக்கு விளங்கும்வரை ஸக்கியா சொல்லித் தந்தாள். "ஈரத் துணிய கொடில போட்டா காயுமே, அதான். கொடியும் துணியும் சின்னதாகினா சரி" என்றாள்.

4

பாலேந்திரன் இந்தக் கதையில் எனக்குச் சிக்கல் தந்த ஆள்.

யாழ்ப்பாணத்து மனிதர். இடம்பெயர்ந்து, கொழும்பில் கொஞ்சக் காலம் இருந்து, கண்டிக்கு வந்தவர். கட்டுக்கலையில் ஓர் அறை. ஆய்வுகூட மெஷின்களைத் திருத்துவது தொழில். மாதத்தில் சில நாள் இந்த லெப்புக்கு வருவார். வாரத்துக்கு ஒரு பின்னேரம் பொலிஸுக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். குண்டுக்குப் பிறகு வந்த ஏற்பாடு.

முதல் பிரதியில் அவரை ஒரு துயர முகமாக எழுதினேன். ‘அவர் கண்களில் ஓர் ஊரின் சாம்பல்...’ என்று ஒரு வாக்கியம். ஸக்கியாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"யாரு இது?" என்றாள்.

"பாலேந்திரன்."

"அந்தாள் ஒரு வாயாடி. சாம்பலும் இல்ல ஒண்ணுமில்ல. எந்த நாளும் சாப்பாட்டப் பத்தித்தான் பேச்சு. கண்டில புட்டு அவிக்கத் தெரியாதாம்."

அதனால் மாற்றினேன். அவர் இனி வாயாடி.

5

அன்று நடந்தது.

காலையிலேயே அறையைப் பூட்டிக்கொண்டு இருவரும் தொடங்கினார்கள். பாலேந்திரன் மூக்கை இயக்குவார், ஸக்கியா நிறுப்பாள். முதல் மூக்கு சரி. இரண்டு சரி. மூன்று, நான்கு, ஐந்து சரி.

"அறை பாண் சுடுற போறணை மாதிரிக் கிடக்குது" என்றார் பாலேந்திரன். "நோன்போட எப்பிடித் தங்கச்சி இருக்கிறியள்?"

"பழகிட்டு. நீங்க தேத்தண்ணி குடிக்கிறதெண்டா வெளியில போய்க் குடிங்க."

"உங்களுக்காக நான் உள்ளுக்கை குடிக்கிறேல்லையே."

"அப்ப பாதி நோம்பு ஒங்களுக்கும் ஈக்கி."

"பாதி வேண்டாம். பெருநாள் புரியாணியில பாதி தாங்கோ, காணும்."

ளுஹர் தொழுகை நேரம் வந்தது. ஸக்கியா தொழுவதற்காக ஸ்டோர் அறைக்குப் போனாள். திரும்பி வந்து ஆறாம் மூக்கைத் தொடங்கினார்கள்.

"அண்ணே, ஆறு கொறயுது."

"திருப்பி ஒருக்கால் பாப்பம்."

திருப்பி நிறுத்தாள். குறைந்தது. இன்னும் சில தரம். ஒவ்வொரு தரமும் குறைந்தது. பெரிதாக அல்ல, ஆனால் பொறுக்கக்கூடிய எல்லைக்குக் கீழே.

பாலேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப திருகுவம்."

"இப்பவா? ஏழையும் எட்டையும் பாத்துட்டு, நாளைக்கு ஆறாவத இன்னொருக்கா நிறுத்துட்டு..."

"நாளைக்கு எனக்கு வேற இடம். இண்டைக்கு மூண்டு மணிக்கு முதல் பொலிஸில நிக்கவேணும். போன கிழமை பிந்திப் போனதுக்கு, பொழுதுபடும் மட்டும் மர வாங்கில இருத்தி வைச்சவங்கள். வாங்கும் சும்மா வாங்கில்லை, ஒரு கால் கட்டை."

அவர் ஆறாம் மூக்கின் திருகாணியைத் திருகினார். இனி அது முன்பைவிடக் கூடுதலாக விடும். திருகுமுன் இருந்த நிலை அத்தோடு போய்விட்டது. இதை நீங்கள் கவனிக்கவேண்டும். திருகாணியைத் திரும்ப அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்த அந்தப் பழைய மெஷினில் வழியில்லை.

பையை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனவர், போகிற போக்கில் சொன்னார்:

"அதோட தங்கச்சி, நீங்கள் தொழப் போன நேரம் ஃபேனைப் போட்டு விட்டனான். ஜன்னலையும் திறந்தனான். நீங்கள் பாவமெல்லே, வந்து இருக்கேக்கை அறை கொஞ்சம் ஆறியிருக்கட்டும் எண்டு. நீங்கள் வாறதுக்கு முதல் எல்லாத்தையும் நிப்பாட்டிப் பூட்டிப்போட்டன். தராசு ஆடேல்லைத்தானே?"

"ஆடல்ல" என்றாள் ஸக்கியா.

காற்றடித்தால் தராசு ஆடும் என்பது அவர் நினைவில் இருந்தது. தண்ணீர் காயும் என்பது இல்லை. அவர் போன பிறகு ஸக்கியா கண்ணாடிக் கூட்டைத் திறந்து பஞ்சைத் தொட்டாள். காலையில் மூடிய கூட்டையும் அவர் அந்த நேரத்தில் திறந்துவிட்டிருக்கிறார். பஞ்சு மொறுமொறுவென்று இருந்தது.

6

கணக்கைச் சொல்கிறேன். இரண்டில் ஒன்றுதான்.

ஒன்று: ஆறாம் மூக்கு உண்மையாகவே குறைவாக விட்டுக்கொண்டிருந்தது. பாலேந்திரன் திருகியது சரி. ஆனால் அதற்கு முந்திய நாள்களில் அந்த மூக்கால் போன சோதனைகள் எல்லாம் சந்தேகம்.

மற்றது: மூக்கு சரியாகத்தான் இருந்தது. காய்ந்த காற்று தண்ணீரைக் குடித்தது. எடை அதனால் குறைந்தது. முந்திய சோதனைகள் சரி. ஆனால் சரியாக இருந்த மூக்கைப் பாலேந்திரன் கெடுத்துவிட்டார்.

எது என்று அறியவும் வழி உண்டு. மறுநாள் காலை ஃபேன் இல்லாமல், பஞ்சை நனைத்து, ஆறாம் மூக்கை மறுபடி நிறுக்கவேண்டும். சரியான அளவு வந்தால் முதலாவது. அதிகமாக வந்தால் மற்றது. தண்ணீர் பக்கம் சாயாது.

7 (இது ஐந்துக்கு முன்னால் வந்திருக்கவேண்டும், அங்கே வைத்தபோது மெஷினை எவரும் கவனிக்கமாட்டார்கள் போலிருந்தது)

பேச்சியம்மா மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறவள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சியில் பதிந்திருந்தாள். போவதற்கு மருத்துவச் சோதனை. நோன்பு தொடங்கி சில நாளில் இரத்தம் கொடுத்தாள். ஈரலில் தொற்று உண்டு, தகுதியில்லை என்று வந்தது. நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கும் கோட்டுக்குச் சற்று மேலே என்று பிறகு தெரிந்தது. சற்றுத்தான்.

எட்டு மூக்கு விடும் திரவம் இரத்தநீரை நீர்க்கச் செய்வதற்கு. அது குறைந்தால் இரத்தநீர் தடிப்பாக நிற்கும், நிறம் கூடும், கோட்டைத் தாண்டும். இல்லாத நோய் இருப்பதாகக் காட்டலாம்.

லைனில் செய்தி பரவ ஒரு நாள் போதும். அவளுடைய நாத்தனார் சுவர் ஆணியில் ஒரு தனி டம்ளர் மாட்டினாள். குழாயடியில் அவளுடைய வாளி கடைசிக்குத் தள்ளப்பட்டது. பிள்ளைகளை இவள் தூக்கவந்தால் தாய்மார் வேறு வேலை சொல்லிக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுப் பயணம் போனதை விட இதுதான் அவளைத் தின்றது. எனக்கு நோய் இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தேவைப்பட்டது.

இப்போது ஓர் ஒப்புதல். பேச்சியம்மாவின் இரத்தம் ஆறாம் மூக்கால் போனதென்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. ஸக்கியாவுக்கு அவள் பெயரே தெரியாது. அங்கே எல்லாம் இலக்கம். எட்டில் ஒரு மூக்கு. நான் அவளை ஆறில் வைத்தேன். வேறு மூக்கில் வைத்தால் கதை இல்லை என்பதால் வைத்தேன்.

ஆனால் அடுத்து வருவது நான் வைத்தது அல்ல. அவளும் ஸக்கியாவும் தனித்தனியாகச் சொன்னது.

8

அதே பின்னேரம். பாலேந்திரன் போய்விட்டார். ஸக்கியா காய்ந்த பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கவுண்டரில் ஒரு பெண் நின்றாள். தலையில் சும்மாடு அழுத்திய தடம்.

"மிஸ், இன்னொருக்கா எடுத்துப் பாருங்க. எனக்கு ஒடம்புல ஒன்னுமில்லீங்க. மூட்ட தூக்குறேன், சோறு திங்கிறேன். காமால வந்த ஆளு இப்படியா இருக்கும்?"

உள்ளறையிலிருந்து லெப் முதலாளி, மஹ்ரூப் டொக்டர், எழுந்து வராமலே பதில் சொன்னார்:

"ரிப்போர்ட் ஏஜென்சிக்குப் போய்ட்டும்மா. இனி ஒண்ணும் செய்யேலா. ஒராளுக்குத் திருப்பிச் செஞ்சா வரிசைல எல்லாரும் வந்து நிப்பாங்க."

"வந்தா வரட்டுமேங்க டொக்டர். ரத்தம் எங்களோடதுதானே. ஒங்களோடதக் கேக்கலியே."

ஒரு நர்ஸ் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸக்கியா கவுண்டரில் குனிந்து தணிந்த குரலில் சொன்னாள்: "நாளைக்கு வெள்ளன வாங்க அக்கா. டொக்டர் வர முந்தி. நான் எடுக்கிற."

"சத்தியமாவா?"

"நோம்போட ஈக்கிற. பொய் சொல்லுவனா?"

மறுநாள் விடியும்போதே ஆமிக்காரர்கள் எங்கள் லைனைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அடையாள அட்டையோடு எல்லோரும் ரோட்டில். வெயில் ஏறும் மட்டும் நின்றோம். பேச்சியம்மா முன்னால் நின்ற சிப்பாயிடம், "ஆஸ்பத்திரிக்குப் போவணும் மாத்தயா, ரத்தம் எடுக்கக் கூப்ட்டிருக்காங்க" என்றாள். அவன் வரிசையைக் காட்டினான். அவளுக்குச் சிங்களம் சரியாகத் தெரியாதது அன்று பெரிய குறை இல்லை. கை காட்டுவது எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்.

அதற்கடுத்த நாள் போனாள். டொக்டர் கவுண்டரிலேயே நின்றார். ஸக்கியா உள்ளே இருந்தாள். பேச்சியம்மா இரத்தம் கொடுக்காமலே திரும்பி வந்தாள்.

 பெரியாஸ்பத்திரிக்குப் போய் வேறு சோதனை செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அவங்கதானே இருக்குன்னாங்க. அவங்களே இல்லன்னு சொல்லட்டும். இருந்தா இருக்குன்னு ரெண்டாந் தரம் சொல்லட்டும். நான் ஏன் ஊரெல்லாம் கைய நீட்டிக்கிட்டுத் திரியணும்?" என்றாள். பிடிவாதம்தான். அவளுக்கு வேறு சொத்து எதுவும் இல்லை.

9

முடிவுகள்.

அ) ஸக்கியா மறுநாள் காலை ஆறாம் மூக்கை நிறுக்கிறாள். சரியான அளவு. அப்படியானால் மூக்கு முன்பு பிழையாக இருந்தது. டொக்டரிடம் போய்ச் சொல்கிறாள். அவர் நாற்காலியில் சரிந்து

இல்லை. டொக்டர் சரியமாட்டார். அவர் சரிந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆ) நிறுக்கிறாள். அதிகமாக வருகிறது. பாலேந்திரனின் இரக்கம்தான் எடையைக் குடித்தது. சோதனை முன்பும் சரி. பேச்சியம்மாவுக்கு நோய் உண்டு. இந்த முடிவை எழுதிக்கொண்டிருக்கையில் என் கை நின்றது. காரணம் இரக்கம் அல்ல. சரியான மூக்கொன்று கெட்டுப்போனதை யாராவது எழுதிவைக்கவேண்டும். எழுதினால் திருகியவர் யார் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்து ஆள், வாராவாரம் கையெழுத்து வைப்பவர், வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் இரத்த மெஷினில் கை வைத்தார் என்று பொலிஸுக்குப் போகும். அந்த வருடம் அது போகும் இடம் எல்லோருக்கும் தெரியும்.

இ) நிறுக்காமல் விடுகிறாள். இது உண்மைக்குக் கிட்ட நிற்பதாக எனக்குப் பட்டது. அதனால் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

10

கலகெதரவில் ஸக்கியாவின் வீட்டுக்குப் போனேன். இப்போது லெப் வேலை இல்லை. வீட்டோடு ஒரு தையல் கடை. எழுதியதை எல்லாம் வாசித்தேன். பேச்சியம்மாவின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். கொஞ்ச நேரம் தையல் மெஷினின் சில்லைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த நாள் நிறுத்தீங்களா?" என்றேன்.

"நிறுத்த" என்று தலையாட்டினாள்.

"என்ன வந்திச்சு?"

"சொன்னா என்ன செய்வீங்க?"

"எழுதுவேன்."

"அதான். சொன்னா நீங்க ஒண்டு அந்த அக்காக்கு நோயில்லண்டு முடிச்சிருவீங்க, இல்லாட்டி நோயாளி ஆக்கி பாலேந்திரன் அண்ணனையும் மாட்டுவீங்க. ரெண்டும் எனக்கேலா. அந்தாள் எனக்கு நல்லதுண்டு நெனச்சி செஞ்சது."

"வாசிக்கிறவங்க கேப்பாங்களே."

"கேட்டா அவங்கள நிறுக்கச் சொல்லுங்க. கதைதானே. தண்ணிக்கா பஞ்சம்?"

தேநீர் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

11

ஆகவே வாசகரே, நிறுப்பது உங்கள் பங்கு. பஞ்சை நனைத்து வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஆறாம் மூக்கு விடுகிறது. உங்களுக்குப் பிடித்த எண்ணை வாசித்துக்கொள்ளுங்கள். நான் எட்டிப் பார்க்கமாட்டேன்.

ஆனால் எழுதி முடிக்கும் நேரத்தில் ஒன்று உறைத்தது. ‘அ’வை எடுத்தாலும் ‘ஆ’வை எடுத்தாலும் நீங்கள் தீர்ப்பது மெஷினின் வழக்கை. மூக்கு பிழையென்றாலும், சரியென்றாலும், கோட்டுக்குச் சற்று மேலே நின்ற ஓர் இரத்தத்தை இரண்டாம் தரம் பார்த்துவிட்டுத்தான் ஒருத்தியை நோயாளி என்று சொல்லியிருக்கவேண்டும். அது ஸக்கியாவுக்குத் தெரியும். டொக்டருக்கும் தெரியும். தெரிந்துதான் ‘நாளைக்கு வாங்க’ என்று ஒருவர் சொன்னார், ‘ஒண்ணும் செய்யேலா’ என்று மற்றவர் சொன்னார்.

பேச்சியம்மா இன்றைக்கும் மூட்டை தூக்குகிறாள். அவள் நன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது. அந்த நோய் சத்தமில்லாமல் பல வருடம் கிடக்கும் என்கிறார்கள். நாத்தனார் இன்னும் தனி டம்ளரில்தான் தண்ணீர் கொடுக்கிறாள்.

இந்தக் கதையில் நான் இட்டுக்கட்டியது நிறைய. இது இட்டுக்கட்டு அல்ல: பேராதனை வீதி லெப் பேச்சியம்மாவுக்கு ஒரு மறுபரிசோதனை தரவேண்டும். இன்னும் தரவில்லை.